கேள்விக்குறிகள் இருந்த பக்கம்

அன்றைக்கு வெள்ளவத்தையில் அக்கா வாடகைக்கு எடுத்திருந்த அறையில் இருந்தவர்கள்: நான், அக்கா, அத்தான், மேல்மாடியில் குடியிருந்த ரீச்சர், போனும் இன்டர்நெட்டும் வாடகைக்குக் கிடைக்கிற காலி வீதிக் கொமியூனிகேஷன் கடையில் வேலை செய்த கொட்டாஞ்சேனைப் பிள்ளை. தொட்டிலில் அக்காவின் மகன் நித்திரை. வேறு ஒருவரும் இல்லை. பிற்பாடு எம்பசியில், "இவற்றை எழுதியது யார்?" என்று என்னைக் கேட்டபோது இந்த முகங்கள்தான் வரிசையாக என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன.

நடுவில் பாயை விரித்து அதன்மேல் கடதாசிகளைப் பரப்பியிருந்தோம். மின்விசிறியைப் போட்டால் பறக்கும் என்று அதை நிற்பாட்டியிருந்தோம். ஆளாளுக்கு வேர்த்து ஒழுகியது. அந்தக் கடதாசிகளில் இருந்தது எனக்கும் என் கணவருக்கும் நடந்த சாட்.

அவர் வெளிநாட்டில் இருந்தார். சமாதானம் என்று சொல்லப்பட்ட காலத்தில் கொழும்புக்கு வந்து என்னைப் பதிவுத் திருமணம் செய்துவிட்டு, லீவு முடிய விமானம் ஏறினார். "ஆறு மாதத்தில கூப்பிட்டிடுவன்" என்றுதான் சொல்லிப் போனார். அதற்குள் சண்டை மறுபடி துவங்கிவிட்டது. அந்த நாட்களில் வெள்ளவத்தை லொட்ஜுகளிலும் வாடகை அறைகளிலும் என்னைப் போலப் பெண்கள் எத்தனையோ பேர். எல்லோரும் ஒரு ஃபைலோடு காத்திருந்தோம். கல்யாணச் சேர்ட்டிபிக்கட், கல்யாணப் படங்கள், அவர் அனுப்பிய காசுக்கான ரசீதுத் துண்டுகள், முடிந்துபோன போன் கார்டுகள் என்று எதையும் எறியாமல் சேர்த்து வைத்தோம். இது உண்மையான கல்யாணம், விசாவுக்காகச் செய்த கல்யாணம் இல்லை என்று எம்பசியை நம்பவைக்க வேண்டும். சாட் பிரின்ட் போடாத ஃபைல் நிற்காது என்று மீன் கடையில்கூடப் பெண்கள் கதைத்தார்கள்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். விட்டவள் என்பதைவிட, விடுபட்டுப்போனவள். இடம்பெயர்ந்து போன ஊரில் பள்ளிக்கூடத்துக்குள் அகதிகள் இருந்தார்கள். பிறகு பள்ளிக்கூடம் திறந்தது, நான் போகவில்லை. அதிலிருந்து எழுதுவது என்றால் எனக்கு நடுக்கம். வங்கியில் ஒரு படிவம் நிரப்புவதற்குக்கூட அத்தானைக் கூட்டிக்கொண்டு போவேன். எதற்கும் பயந்த சுபாவம் வேறு. வீட்டை விட்டு இறங்குமுன் அடையாள அட்டை பையில் இருக்கிறதா என்று பார்ப்பேன். படியில் நின்று பார்ப்பேன். செக் பொயின்ட் தெரிகிற தூரத்தில் மறுபடி பார்ப்பேன்.

ஆனால் கொமியூனிகேஷன் கடையில் அந்தப் பலகைத் தடுப்புக்குள் போய்க் குந்தி, மெசஞ்சரைத் திறந்தால் அந்த நடுக்கம் இருக்காது. காலையில் கடை திறந்ததும் நான் போவேன். அங்கே அவருக்கு வேலை முடிந்து வந்த இரவு. இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் அடிப்போம். முற்றுப்புள்ளி, காற்புள்ளி ஒன்றும் கிடையாது. ஒரு வசனம் எங்கே முடிகிறது என்று யோசிக்கத் தேவையில்லை, என்டர் பொத்தானை அழுத்தினால் முடிந்தது. எழுத்துப் பிழைக்குக் கோடு கீறி மார்க்ஸ் வெட்ட அங்கே ஆளில்லை. தமிழில் எழுதிக் காட்டினால் எங்கள் கதை இப்படித்தான் இருக்கும்.

சாப்டாச்சா
ம்ம்
என்ன
பாண்
பாண் மட்டுமா
சம்பல்
கட்ட சம்பலா
ம்ம்ம்
ஐயோ

மிளகாய் இடித்த அந்தச் சம்பலுக்கு அவருடைய நாக்கு ஊறுவது அந்த ஐயோவில் எனக்குக் கேட்கும். எங்களுக்குள் ஒரு கணக்கு இருந்தது, அதை நாங்கள் பேசி வைக்கவில்லை, தானாக வந்தது. ஒரு 'ம்' என்றால் கோபம். இரண்டென்றால் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். மூன்று வந்தால் சிரிக்கிறேன். அவர் புள்ளி புள்ளியாக அடித்துவிட்டுப் பேசாமல் இருந்தால், ஏதோ சொல்ல வந்து விழுங்குகிறார். அப்போது நான் ஒரு ஒற்றைக் கேள்விக்குறி போடுவேன். அவர் "ஒண்டுமில்ல" என்பார். பிறகு சொல்வார்.

ஒரு நாள் காலையில் நகரத்துக்குள் குண்டு வெடித்தது. எங்களுக்குக் கிட்ட இல்லை. ஆனால் வீதியெல்லாம் மூடி, கடைகளின் ஷட்டர்கள் இறங்கி, போனும் எடுபடவில்லை. பின்னேரம் கடை திறந்ததும் ஓடிப்போய் மெசஞ்சரைப் பார்த்தேன். திரை நிறைய அவருடைய கேள்விக்குறிகள். மூன்று, பிறகு ஐந்து, பிறகு ஒரு வரி முழுக்க. நடுவில் "எங்க" என்று ஒரு சொல். மறுபடி கேள்விக்குறிகள். அங்கே விடிந்து வேலைக்குப் போகும் நேரமாகியும் மனுசன் படுக்கவில்லை. நான் "வந்துட்டன்" என்று அடித்தேன். கன நேரத்துக்குப் பிறகு ஒரு 'ம்' வந்தது. கோபத்துக்கான ஒற்றை 'ம்'. எனக்கு அழுகை வந்துவிட்டது. கொட்டாஞ்சேனைப் பிள்ளை எட்டிப் பார்த்து, "என்னாங்க அக்கா, சண்டையா?" என்றாள். "இல்லை, சந்தோசம்" என்றேன். "நல்லா இருக்குங்க ஒங்க சந்தோசம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்றைக்கு அவள் என்னிடம் நேரக் காசு வாங்கவில்லை.

அந்தப் பக்கமும் பாயில் கிடந்தது.

முதலில் அதைக் கையில் எடுத்தவர் ரீச்சர். பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்றவர். அந்தக் கட்டிடத்தில் யாருக்கு எந்தக் கடிதம் வந்தாலும் அவரிடம்தான் கொண்டுபோவோம். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, கடதாசியைக் கிட்டப் பிடித்து வாசிப்பார்.

"பிள்ளை, இதென்ன ஒரு பக்கம் முழுக்கக் கேள்விக்குறி?"

"அது அவர் போட்டது ரீச்சர். குண்டு வெடிச்ச நாள்."

"சரி, போட்டார். எம்பசிக்காரன் இதை வாசிச்சு என்னத்தை விளங்குவான்?"

அத்தானுக்கு வேறு கவலை. "விளங்கிறது இருக்கட்டும் ரீச்சர். மொழிபெயர்க்கிற ஆள் பக்கத்துக்கு இவ்வளவு எண்டு வாங்கிறான். உந்த ம்ம் ம்ம்முக்கும் காசு குடுக்கிறதே?"

அக்கா சிரித்தாள். "ஒரு ம்முக்கு எவ்வளவு எண்டு கேட்டுப் பாருங்கோவன். மொத்தமா எடுத்தால் குறைப்பான்."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. பாயில் என்னைப் பிரித்துப் போட்டிருப்பது போல இருந்தது. ரீச்சர் ஒவ்வொரு பக்கமாக எடுக்க எடுக்க, சின்ன வகுப்பில் கொப்பியைத் திருப்பித் தரும் நேரம் நெஞ்சு அடிக்குமே, அந்த அடி. இதை ஒரு வெளிநாட்டு அதிகாரி வாசிக்கப் போகிறார். எட்டாம் வகுப்புக்காரி, ஒரு முழு வசனம் எழுதத் தெரியாதவள், இவளை எங்கள் நாட்டுக்கு எடுத்து என்ன செய்வது என்று நினைக்க மாட்டாரா? அந்த எண்ணம் எனக்குள் முன்னமே இருந்தது. ரீச்சர் என் வாயிலிருந்து அதை எடுத்தது போலச் சொன்னார்.

"படிப்பறிவில்லாத ஆக்கள் எண்டு நினைப்பினம் பிள்ளை. கொஞ்சம் ஒழுங்காக்கிக் குடுப்பம். பொய் ஒண்டும் எழுதேல்லை. நீங்கள் கதைச்சதைத்தானே எழுதப் போறம், முழு வசனமா."

"ஓம் ரீச்சர்," என்றேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

அந்த நாட்களில் அது பெரிய கள்ள வேலையாகவும் தெரியவில்லை. படம் பிடிக்கப் போனால் நல்ல சாறி உடுத்துப் போகிறோம். எம்பசிக்குப் போகிற கதைக்கும் ஒரு நல்ல சாறி உடுத்திவிடுகிறோம், அவ்வளவுதான் என்று நினைத்தோம். வெள்ளவத்தையில் காத்திருந்த எங்களுக்கு எல்லாவற்றையும் மினுக்கிக் கொடுத்தே பழக்கம்.

ரீச்சர் சிவப்புப் பேனையை எடுத்தார். வரிக்கு முன்னால் இருந்த திகதி, மணி, நிமிடம் எல்லாவற்றையும் வெட்டினார். "இந்த இலக்கங்கள் வாசிக்க இடைஞ்சல்." கட்டச் சம்பல் வந்த இடத்துக்கு வந்தார். வெள்ளைத் தாளில் எழுதி உரத்து வாசித்தார்.

"அன்பே, இன்று காலை என்ன உணவு உண்டீர்கள்? பாணும் சம்பலும் உண்டேன், அன்பரே. தங்கள் கையால் இடித்த சம்பலை உண்ண எனக்குக் கொடுத்து வைக்கவில்லையே!"

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "அன்பரேயாம்! எடி, உன்ரை ஆளை நீ அப்பிடியே கூப்பிடுறனி?"

"சும்மா இரக்கா."

"நாங்களும் இருக்கிறம், ஒரு நாளைக்கு அன்பே எண்டு கேட்டிருப்பமே?" என்று அத்தானைப் பார்த்தாள். அத்தான், "நீ முதல்ல அன்பரே எண்டு சொல்லு, பிறகு பாப்பம்" என்றார். ரீச்சரும் சிரித்துவிட்டார். அந்த அறையில் எல்லோருக்கும் என்மேல் அன்பு இருந்தது. இன்றைக்கு யோசித்தாலும் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கொட்டாஞ்சேனைப் பிள்ளை தாள்களை வாங்கிப் பார்த்தாள். "எழுத்து அழகா இருக்குங்க ரீச்சர். நான் தமிழ்ல அடிச்சித் தாறேன். கமா, புள்ளி எல்லாம் ஒன்னு விடாம போடுறேன்." சொன்னபடியே செய்தாள். தடித்த தாளில், ஓரம் விட்டு, இருபக்கமும் நேராக்கி, கல்யாணக் கார்ட் போல அடித்துக் கொண்டுவந்தாள்.

கேள்விக்குறிப் பக்கம் ஒற்றை வரியாயிற்று. "குண்டு வெடித்ததாக அறிந்தேன், தாங்கள் நலமா?" அத்தான் அதையும் பார்த்துவிட்டு, குண்டு என்ற சொல் வேண்டாம் என்றார். "அங்கை குடுக்கிற ஃபைல் எண்டாலும் இஞ்சை ஆர் ஆரின்ரை கையிலை படும் எண்டு தெரியாது." அதனால் அது "நகரத்தில் குழப்பம் என்று அறிந்தேன், தாங்கள் நலமா?" என்று முடிந்தது.

அடுத்த கிழமை ஆமிக்காரர் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்து வீடு வீடாகத் தேடினார்கள். பக்கத்துக் கட்டிடத்தில் ஒரு பெடியனைப் பிடித்துக்கொண்டு போய், பின்னேரம் விட்டார்கள். அவனுடைய மேசையில் இருந்த கடதாசிகளுக்கெல்லாம் விளக்கம் கேட்டார்களாம். அத்தான் வேலையால் வந்ததும், சப்பாத்தைக் கழற்றாமல், பாய்க்குக் கீழே வைத்திருந்த பழைய பிரின்டுகளைக் கேட்டார்.

"எல்லாம் அடிச்சாச்சுத்தானே பிள்ளை. உதிலை குண்டு வெடிச்ச நாள் திகதியோடை எங்க எண்டு கேட்டு ஒரு பக்கம் கிடக்கு. ஆரும் கேட்டால் நான் என்னெண்டு விளங்கப்படுத்துறது?"

அவர் சொன்னது சரி. அவருக்கு ஒரு சின்னப் பிள்ளை இருந்தது. கடதாசிகளைக் குசினி அடுப்பில் ஒவ்வொன்றாக நானே எரித்தேன். சிவப்புக் கோடுகளும் கேள்விக்குறிகளும் ஒன்றாகக் கருகின. கடைக் கொம்பியூட்டரில் இருக்கும்தானே என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த மாதத்திலேயே அதில் வைரஸ் ஏறி எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக ஏற்றினார்கள். என் கணவரும் அங்கே கூட இருந்தவரின் கொம்பியூட்டரில்தான் எழுதிக்கொண்டிருந்தார். அதில் ஒன்றும் சேமிப்பில் இல்லை.

நேர்முகத்துக்கு அக்காவின் நீலச் சாறியில் போனேன். கண்ணாடிக்கு அப்பால் ஒரு பெண் அதிகாரி. பக்கத்தில் தமிழ் சொல்ல ஒருவர். முதலில் கல்யாணம் பற்றிக் கேட்டார், சொன்னேன். கணவரின் வேலை பற்றிக் கேட்டார், சொன்னேன். பிறகு அந்தத் தடித்த தாள்களையும் இங்கிலீஷ் மொழிபெயர்ப்பையும் எடுத்து அருகருகே வைத்தார்.

"நீங்கள் எட்டாம் வகுப்பு வரை படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். இவற்றை எழுதியது யார்?"

"நான்தான். அவரும் நானும்."

"கொம்பியூட்டரில் நேரே இப்படியே எழுதினீர்களா?"

"ஓம்."

"எழுதிய நேரம், திகதி ஒன்றையும் காணவில்லையே?"

இடைஞ்சல் என்று வெட்டிவிட்டோம் என்று எப்படிச் சொல்வது? அந்த அம்மா கடுமையானவர் இல்லை. ஒரு வெள்ளைத் தாளையும் பேனையையும் இடுக்கு வழியாகத் தள்ளினார். தமிழ் சொல்பவர் சொன்னார்: "உங்கள் கணவர் இப்போது லைனில் இருக்கிறார் என்று நினையுங்கள். வழக்கமாக முதலில் என்ன எழுதுவீர்களோ, அதை எழுதிக் காட்டுங்கள்."

எனக்குத் தெரியும். 'வந்துட்டன்' என்றுதான் எழுதுவேன். ஒவ்வொரு காலையும் அதுதான். அதை எழுதியிருந்தால் போதும், மிச்சத்தை அழுதாவது சொல்லியிருப்பேன். ஆனால் ஃபைலில் இருப்பது அதுவல்லவே. ஃபைலுக்கு ஏற்றது எழுத வேண்டும் என்று பயம் பிடித்து, 'அன்புள்ள கணவருக்கு' என்று எழுதி, காற்புள்ளி போட்டேன். அதற்குப் பிறகு என்ன எழுதுவது என்று தெரியவில்லை. அவரை ஒரு நாளும் நான் அப்படிக் கூப்பிட்டதில்லை. பேனை அந்தக் காற்புள்ளிக்குப் பக்கத்திலேயே நின்றது. அந்த அம்மா கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டார்.

உறவு உண்மையானது என்பதில் திருப்தி இல்லை என்று கடிதம் வந்தது. ரீச்சர்தான் வாசித்துச் சொன்னார். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே இருந்தார். "நான் உனக்கு நல்லது செய்யிறன் எண்டு நினைச்சன் பிள்ளை," என்றார். நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். அவரை நான் குற்றம் சொல்லவில்லை. நான் வெட்கப்பட்டிருக்காவிட்டால் அந்தச் சிவப்புப் பேனைக்கு வேலையே இருந்திருக்காது.

என் கணவர் அங்கே லோயரைப் பிடித்து அப்பீல் போட்டார். லோயர் ஒன்று சொன்னார்: இனி நடக்கிற சாட் எல்லாவற்றையும் நேரத்தோடு, திகதியோடு, வெட்டாமல் கொத்தாமல் சேர்த்து வையுங்கள். நல்ல புத்திமதிதான். ஆனால் அன்றிலிருந்து நாங்கள் எழுதியதெல்லாம் மூன்றாவது ஆளுக்கு முன்னால் எழுதியதாகிவிட்டது. "சாப்டாச்சா" என்று அவர் கேட்டால், அதைப் பிரின்ட் எடுப்பார்கள் என்ற நினைவு வரும். சும்மா 'ம்ம்' போட மனம் வராது. அதிகாரி நம்பட்டும் என்று வேண்டுமென்றே குண்டு, செக் பொயின்ட், பயம் என்று எழுதுவேன். பிறகு அத்தானை நினைத்து அழிப்பேன். அவரும் கவனமாகிவிட்டார். வசன முடிவில் புள்ளி வைக்கத் துவங்கினார். "இன்று வேலை அதிகம்." "நாளை எழுதுகிறேன்." அந்தப் புள்ளிகளை நான் வெறுத்தேன். கதவை மெல்லச் சாத்திவிட்டுப் போவது போல ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒன்று.

இப்போது இன்டர்நெட்டில் யாராவது பிழையாக எழுதினால் கீழே வந்து திருத்துகிறவர்களைப் பார்க்கிறேன். சந்தி பிழை, காற்புள்ளி எங்கே, தமிழைக் கொல்லாதே என்று எழுதுகிறார்கள். எழுதினவர் பாவம், ஒரு வணக்கம் போட்டுவிட்டு ஓடிவிடுகிறார். திருத்துவது தப்பென்று நான் சொல்ல வரவில்லை, படிக்காத நான் அதைச் சொல்லவும் கூடாது. இதைக்கூட ஒருவரிடம் காட்டித் திருத்தித்தான் எழுதுகிறேன். ஆனால் ஒருவர் இன்னொருவரோடு வீட்டுக்குள் கதைப்பது போலக் கதைக்கிற இடத்தில் சிவப்புப் பேனையைக் கண்டால் எனக்குக் கை குளிர்ந்துவிடும்.

அப்பீல் இழுபட்டது. சண்டை முடியுமுன்பே எங்களுடையது முடிந்தது. ஒரு காலை மெசஞ்சரைத் திறந்தபோது நீளமாக ஒரு செய்தி கிடந்தது. வாசிக்கத் துவங்குமுன்பே தெரிந்துவிட்டது. பந்தி பிரித்து, ஒவ்வொரு வசனத்துக்கும் ஒழுங்காகப் புள்ளி வைத்து எழுதியிருந்தார். தன்னால் இனிக் காத்திருக்க முடியவில்லை, என்னையும் காக்க வைக்க விருப்பமில்லை, மனமொத்துப் பிரிவோம் என்று இருந்தது. ஒரு பிழை இல்லை. நான் ஒற்றை 'ம்' போட்டேன். அது கோபம் என்று அவருக்கு ஞாபகம் இருந்ததா தெரியாது. "நன்றி." என்று பதில் வந்தது.

பிரிவுக் கடதாசியில் கையெழுத்துப் போட்ட அன்று அத்தான் ஒன்று சொன்னார்: "விசாவுக்கும் அப்பீலுக்கும் அந்தாள் செலவழிச்ச காசை நாங்கள் திருப்பிக் குடுத்திடுவம். பிறகு எங்கடை பிள்ளையை ஆரும் ஒரு சொல் சொல்லக் கூடாது." அந்த நாட்டுக் காசை ரூபாயாக்கினால் அது பெரிய தொகை. அக்காவின் காப்பு ஒரு சோடி போனது. மிச்சத்தை நான் ஏற்றுக்கொண்டேன். கொட்டாஞ்சேனையில் ஒரு சாறிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அங்கேயே இருந்த அவருடைய பெரியம்மாவிடம் மாதா மாதம் முடிந்ததைக் கொடுத்தேன். பெரியம்மா போனில் அவரிடம் சொல்வார். அன்றைக்கோ மறுநாளோ அவரிடமிருந்து என் போனுக்கு ஒரு மெசேஜ் வரும். இங்கிலீஷ் எழுத்தில் 'கிடைச்சது' என்று மட்டும். முடிவில் புள்ளி இருக்காது. நான் 'ம்ம்' என்று அனுப்புவேன்.

வருஷக்கணக்காகக் கொடுத்து, தொகை மெல்ல மெல்லக் குறைந்து வந்துவிட்டது. அவர் அங்கே கல்யாணம் செய்து பிள்ளைகளும் இருப்பதாகப் பெரியம்மா சொன்னார். சந்தோசம் என்றேன், உண்மையாகத்தான் சொன்னேன். கடைசியாகக் காசு கொடுத்துக் கன காலமாகிறது. கையில் இல்லாமல் இல்லை. பெரியம்மாவும் கேட்பதில்லை. கொடுத்து முடித்தால் அந்த மெசேஜ் ஒரு தரம் வரும், அதற்குப் பிறகு வர ஒரு காரணமும் இருக்காது. இன்னும் நாலாயிரம் ரூபா கொடுக்க இருக்கிறது.